பூங்காவுக்குக் கதவு எதற்கு

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. பார்க் அக்கா, சேர்த்துச் சொன்னால் பார்க்கக்கா, என்றால்தான் தெரியும். தன் வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருந்தாள். கடைக்கு நேர் எதிரே பூங்கா. காலையில் பூங்காக் கதவைத் திறப்பதும், இருட்டியதும் பூட்டுவதும் அவள்தான். அந்த வேலையை யாரும் அவளிடம் ஒப்படைக்கவில்லை. எப்போதோ காவல்காரர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனபோது சாவி அவள் கைக்கு வந்தது. வந்தது வந்ததுதான். பூட்டியபின் உள்ளே பந்து விழுந்தால் பிள்ளைகள் அவளிடம்தான் வந்து கெஞ்ச வேண்டும். கொஞ்ச நேரம் கெஞ்சவிட்டுத்தான் திறப்பாள்.

பூங்காவை ஒட்டிப் பழைய பம்ப் அறையும் கொஞ்சம் வெற்று நிலமும் பாழாய்க் கிடந்தன. அதையும் சேர்த்துப் பூங்காவைப் பெரிதாக்கித் தாருங்கள் என்று நகராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்ததும் அவள்தான். கடைசியில் ஒருவழியாக அனுமதி வந்தபோது, பாதிப் பூங்கா தன் பெயருக்கே எழுதப்பட்ட மாதிரி ஒரு மிதப்பு அவளுக்கு. நடந்து தேய்ந்தது அவள் செருப்பு. மிதப்பு வராமல் இருக்குமா?

அந்த மிதப்பில் மண் விழுந்தது வேறெங்கிருந்துமில்லை, அவள் வீட்டு மாடியிலிருந்துதான். மாடியில் கொழுந்தன் குடும்பம். கொழுந்தன் பெண்டாட்டியை எதிரில் பார்த்தால் ‘வாம்மா’ என்பாள். மனசுக்குள் வெறும் ‘சின்னவள்’. சின்னவளுக்கு ஒரு கிளினிக்கில் வருகிறவர்களை உட்காரவைத்து டோக்கன் கொடுக்கும் வேலை. யாருக்கு மூட்டுவலி, யாருக்குத் தூக்கமில்லை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ‘இப்ப எப்படி இருக்கு?’ என்று கேட்டுக் கேட்டே தெருவை வளைத்துப்போட்டுவிட்டாள் என்பது பார்க்கக்காவின் கட்சி. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் கேட்கும்போது ஆட்கள் நின்று பதில் சொல்வார்கள் என்பது உண்மை.

முதல் கூட்டம் பூங்காவிலேயே நடந்தது. நகராட்சியிலிருந்து ஓர் அதிகாரிப் பெண் மைக்கும் வரைபடமுமாக வந்திருந்தாள். “இது உங்க பூங்கா. என்ன வேணும்னு நீங்கதான் சொல்லணும்” என்று மைக்கை நீட்டினாள். பார்க்கக்கா வாங்கிக்கொண்டாள். என்ன வேண்டும் என்று சொல்வதற்கு முன்னால், இதெல்லாம் எப்படிக் கிடைத்தது என்று சொல்லிவிடலாமே என்று ஆரம்பித்தாள். எந்த அதிகாரி எத்தனை தடவை நாளைக்கு வா என்றார், எந்தப் படியில் கால் பிசகியது, எல்லாம். பம்ப் அறை வரைக்கும்கூட வரவில்லை, கூட்டத்தில் பாதிப் பேர் கொசு அடித்துக்கொண்டிருந்தார்கள், மீதிப் பேர் போனில் இருந்தார்கள்.

அப்போது பின்னாலிருந்து சின்னவளின் குரல். “ஒரு சின்ன சந்தேகம். இந்தத் தெருவுல இருந்துக்கிட்டே பார்க்குக்கு வராதவங்க யாருன்னு முதல்ல கேட்கலாமா? ஏன் வரலைன்னும் கேட்டா நல்லாருக்கும்.”

அவ்வளவுதான், கூட்டம் விழித்துக்கொண்டது. “நான் வேலை முடிஞ்சு வர்றப்ப கதவு பூட்டிக் கிடக்குதே” என்றார் டாக்ஸி ஓட்டுகிறவர். பிள்ளையைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளுகிற அம்மா, கதவு நாற்காலிக்குப் போதவில்லை என்றாள். மருந்துக்கடைக்காரருக்குக் கடை மூடியபின் நடக்க ஆசை. மூடும்போது பூங்காவும் மூடியிருக்கும். பேசியது எல்லாம் சுற்றிச் சுற்றிக் கதவில் வந்து நின்றது. அதிகாரிப் பெண்ணின் முகத்தில் வெளிச்சம். “மேடம், நீங்க கொஞ்சம் முன்னாடி வாங்களேன்” என்றாள். சின்னவள் முன்னால் வந்தாள். மைக்கை அவள் கையில் கொடுக்க வேண்டியவள் யார்? பார்க்கக்காதான். கொடுத்தாள். கொடுத்த கை அன்று ராத்திரி வரைக்கும் எரிந்தது.

அதற்குப் பிறகுதான் நிஜமான வேதனை ஆரம்பித்தது. மாடிப்படி, தையல் கடை ஜன்னலை ஒட்டி ஏறுகிறது. மெஷினில் குனிந்து உட்கார்ந்திருந்தால் ஏறுகிறவர்களின் கால் மட்டும் தெரியும். முன்பெல்லாம் பூங்காவைப் பற்றி எதுவானாலும் கடைக்குள் வந்து ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துதான் பேசுவார்கள். இப்போது கால்கள் கடை வாசலைத் தாண்டி விறுவிறுவென்று மேலே போயின. எல்லாம் அவளுக்குத் தெரிந்த கால்கள். அத்தனை கால்களுக்கும் பேன்ட் வெட்டிக் கொடுத்தவள் அவள். மேலிருந்து சிரிப்புச் சத்தம் வரும்போதெல்லாம் மெஷினை வேகமாக மிதித்தாள். ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கம் வைத்துத் தைத்துப் பிரித்தாள்.

“உனக்குப் பாரம் குறைஞ்சதுன்னு நினைச்சுக்கயேன்” என்றார் அவள் வீட்டுக்காரர்.

“என் பாரம், நான் சுமக்கிறேன். உங்களுக்கு எங்க வலிக்குது?”

அவர் பேப்பரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அனுபவஸ்தர்.

வேலை முடியும்வரைக்கும் அலுவலகத்தோடு பேசுவதற்குத் தெருவின் சார்பில் ஒரு பிரதிநிதி வேண்டும், அதை எல்லோரும் சேர்ந்து கடைசிக் கூட்டத்தில் முடிவு செய்யுங்கள் என்று அதிகாரிப் பெண் சொல்லியிருந்தாள். பார்க்கக்காவுக்கு அந்த இடம் வேண்டும். வேறு யாருக்குப் போனாலும் அவள் பொறுத்துக்கொள்வாள். சின்னவளுக்குப் போனால் மட்டும் செத்துப்போவாள். அதேபோல் கதவும் வேண்டும். கதவில்லாத பூங்காவில் பார்க்கக்காவுக்கு என்ன வேலை?

கருத்துக் கேட்கும் விதம் சுலபமானது. போர்வை அகலத்துக்கு ஒரு வரைபடத்தாள். அதில் நிழல், நடைபாதை, கழிப்பறை, விளையாடும் இடம் என்று கட்டங்கள். கடைசியில் இரண்டு கட்டங்கள்: ‘பூட்டும் கதவு வேண்டும்’, ‘கதவே வேண்டாம்’. வீட்டுக்குச் சில பச்சை ஸ்டிக்கர்கள். தெருவில் அதைப் பச்சைப் பொட்டு என்றார்கள். வேண்டிய கட்டத்தில் பொட்டை ஒட்டிவிட்டுப் போக வேண்டியது. தாளை எங்கே மாட்டுவது என்றபோது, “எங்க அக்கா கடையில மாட்டலாம். எல்லாரும் வர்ற இடம்” என்று சொன்னது சின்னவள்தான். நிலைக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அங்கே தாளை மாட்டினார்கள். மீதிப் பொட்டு அட்டைகள் பார்க்கக்காவின் பொறுப்பில்.

வந்தார்கள், ஒட்டினார்கள், மாடிக்கு ஏறினார்கள். ‘கதவே வேண்டாம்’ கட்டம் நெல்லிக்காய் மூட்டை அவிழ்ந்த மாதிரி நிரம்பி வழிந்தது. பொட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று, கோணல்மாணலாக. ‘வேண்டும்’ கட்டத்தில் அவள் வீட்டுப் பொட்டும், எதற்கும் பயப்படுகிற ஒரு சில வீடுகளின் பொட்டும் மட்டும். அவள் வீட்டுக்காரர் எதில் ஒட்டினார் என்று கேட்காமல் விட்டாள். கேட்டால் வீட்டில் சோறு இருந்திருக்காது.

கடைசி நாள் மத்தியானம், சாப்பாட்டு வேளையில், கடை ஷட்டரைப் பாதி இறக்கினாள். மேலே பிள்ளையிடம் சின்னவள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்புதான் செய்யவைத்தது என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மீதிப் பொட்டு அட்டையை எடுத்தாள். ‘வேண்டும்’ கட்டத்தில் ஒட்ட ஆரம்பித்தாள். வெட்கம்கூட வரவில்லை. ஒவ்வொரு பொட்டுக்கும் நெஞ்சில் ஒரு குளிர்ச்சி. கட்டம் நிரம்பும்வரை ஒட்டிவிட்டுக் கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தாள். நன்றாகவே சாப்பிட்டாள்.

சாயங்காலம் கூட்டம். தாளைக் கழற்றிக்கொண்டுபோய்ச் சறுக்குமரத்தின் கம்பியில் தொங்கவிட்டார்கள். தெருவே வந்திருந்தது. பார்க்கக்கா தள்ளி நின்று தாளைப் பார்த்தாள்.

கடைக்குள் மூக்கு முட்டுகிற தூரத்தில் தெரியாதது, இங்கே பளிச்சென்று தெரிந்தது. மற்ற கட்டங்களில் பொட்டுகள் சிதறிக் கிடந்தன. ‘வேண்டும்’ கட்டத்தில் மட்டும் மேலிருந்து கீழே நேர்க்கோடு, கோட்டுக்குக் கோடு ஒரே இடைவெளி, பொட்டுக்குப் பொட்டு ஒரே இடைவெளி. இடது பெருவிரலை அளவுக்கு வைத்து வைத்து ஒட்டியிருக்கிறாள். சட்டைக்குப் பொத்தான் வைக்கிற கை. அதற்கு வேறு விதமாக வைக்கத் தெரியாது. அந்தத் தெருவில் அந்த வரிசையை நெஞ்சில் மாட்டிக்கொண்டு திரியாத ஆளே இல்லை.

சின்னவளும் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி ஓரகத்தியைப் பார்த்தாள். ஒரு கணம்தான். பார்க்கக்கா முகத்தில் ஈயாடவில்லை. ஆச்சு, மானம் போச்சு என்று நின்றாள்.

“காத்துல தாள் தூக்குது பாருங்க” என்று சொல்லிக்கொண்டே சின்னவள் தாளருகே போனாள். அழுத்திவிடுகிற சாக்கில், உள்ளங்கையை அந்தக் கட்டத்தின் மேல் வைத்துத் தேய்த்தாள். கட்டைவிரலால் இங்கே ஒன்றை நகர்த்தினாள், அங்கே ஒன்றைப் பிய்த்துக் கோணலாக வைத்தாள். பசை காயாத பொட்டுகள், சொன்னபடி கேட்டன. அவள் விலகியபோது அந்தக் கட்டமும் மற்றதைப் போலத் தாறுமாறாகக் கிடந்தது. அதிகாரிப் பெண் எண்ணினாள். சொற்ப வித்தியாசத்தில் பூட்டும் கதவு ஜெயித்தது.

டாக்ஸி ஓட்டுகிறவருக்கு முகம் தொங்கிப்போனது. மருந்துக்கடைக்காரர், “நான் கேட்ட ஆளெல்லாம் வேண்டாம்னுதானே சொன்னாங்க?” என்று முணுமுணுத்தார். சின்னவள் மைக்கை வாங்கினாள்.

“நான் கேட்டது வரலை, பரவாயில்லை. பிரதிநிதியா எங்க அக்காவையே போட்டுடலாம். இந்த பார்க்குக்காக அவங்க நடந்த நடை நம்ம யாரும் நடக்கலை.”

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. “தோத்துட்டும் எவ்வளவு பெருந்தன்மை பாருங்க” என்றாள் சக்கர நாற்காலி அம்மா. “இந்தக் காலத்துல இப்படி ஒரு ஓரகத்தியா!” என்றார் மருந்துக்கடைக்காரர். எல்லோரும் சின்னவளைப் பார்த்துக் கைதட்டினார்கள். ஜெயித்தவள் ஒருத்தி நின்றுகொண்டிருக்கிறாள் என்பதே யாருக்கும் நினைவில்லை.

கதவு கிடைத்துவிட்டது. பிரதிநிதி இடமும் கிடைத்துவிட்டது. இரண்டையும் கொடுத்தது அவள். பார்க்கக்காவுக்கு அடிவயிற்றிலிருந்து பற்றிக்கொண்டு வந்தது. திருடியென்று பிடித்துக் கொடுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். ஒரு மாசம் வாய்ச்சண்டை போட்டுச் சமாளித்திருப்பாள். இனி ஆயுசுக்கும் இவள் நல்லவள், நான் இவள் காப்பாற்றி விட்டவளா? கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் மைக்கைப் பிடுங்கினாள்.

“அந்தக் கட்டத்துல இருக்கிற முக்கால்வாசிப் பொட்டு நான் ஒட்டினது” என்றாள். “யாரும் கைதட்ட வேண்டாம். திரும்ப எண்ணுங்க.”

சத்தியமாகச் சொல்கிறேன், நேர்மைக்காக அவள் அதைச் சொல்லவில்லை. சுத்தமான பொறாமையில் சொன்னாள்.

அதன்பின் நடந்தது நடந்ததுதான். மருந்துக்கடைக்காரர் ‘நினைச்சேன்’ என்றார். சிலர் சிரித்தார்கள், சிலர் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். அதிகாரிப் பெண் அந்தக் கட்டத்தை அடித்துவிட்டு, பூங்காவுக்குக் கதவு கிடையாது என்று எழுதினாள். பிரதிநிதி யார் என்று கேட்டதற்குத் தெருவே ஒரே குரலில் சின்னவளைச் சொன்னது. பார்க்கக்கா தலைநிமிர்ந்து ரோட்டைத் தாண்டி வந்து கடைக்குள் உட்கார்ந்தாள். வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து, ஒன்றும் கேட்காமல் நிலைக்கண்ணாடியைப் பழைய இடத்தில் மாட்டிவிட்டு உள்ளே போனார்.

கூட்டம் கலைந்ததும் சின்னவள் வந்தாள். மாடிக்குப் போகவில்லை. கடைக்குள் வந்தாள்.

“ஏன்க்கா சொன்னீங்க? நான்தான் பார்த்துக்கிட்டேனே.”

“நீ பார்த்துக்கிட்டதாலதான் சொன்னேன்.”

சின்னவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். முகத்தில் அந்தக் கிளினிக் சிரிப்பு இல்லை. வேறு யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

“கெடுத்துட்டீங்க” என்றாள். “எல்லாத்தையும் கெடுத்துட்டீங்க.”

“என்னத்தடீ கெடுத்தேன்? பதவி உனக்குத்தானே வந்துருக்கு?”

“யாருக்கு வேணும் அது? மாடிக்கு வர்றவங்க என்னை என்னன்னு கூப்பிடுறாங்க தெரியுமா? பார்க்கக்கா வீட்டு மாடி. ‘நீங்க பார்க்கக்கா கொழுந்தன் பொண்டாட்டிதானே?’ன்னு கேட்டுட்டுத்தான் உட்காருறாங்க. இந்தத் தெருவுக்கு வந்த நாள்லேர்ந்து இதேதான். எனக்குன்னு இங்க ஒரு பேர் இல்லை.” எதிரே பூங்காக் கதவைக் கையால் காட்டினாள். “அந்தப் பூட்டு தொங்குற வரைக்கும் பார்க்கு உங்களுதுதான். அதனாலதான் கதவே வேண்டாம்னு ஆரம்பிச்சேன். டாக்ஸிக்காரருக்காக எல்லாம் இல்லை.”

பார்க்கக்கா அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“அப்ப ஏன் பொட்டைக் கலைச்சுவிட்டே? காட்டிக் கொடுத்திருக்கலாமே?”

“காட்டிக் கொடுத்தா ஒரு வாரம் பேசுவாங்க, அப்புறம் பாவம்னு உங்க பக்கம் வந்துடுவாங்க. காப்பாத்திவிட்டா, சாகிற வரைக்கும் என் மூஞ்சியை நேராப் பார்க்க மாட்டீங்கன்னு நினைச்சேன்.” சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இப்ப என்னடான்னா, வெளியே எல்லாரும் என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? ஊரே கூடியிருக்கிற இடத்துல இப்படிச் சொல்ல எவ்வளவு தைரியம் வேணும்னு பேசிக்கிறாங்க.”

“அப்படியா பேசிக்கிறாங்க?”

“மருந்துக்கடைக்காரர்கூட.”

பார்க்கக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. எதிரே அழுதுகொண்டிருந்தவளை நன்றாக, மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். தன்னைப்போலவே வயிறு எரிந்து கிடக்கிற ஒருத்தி இத்தனை நாள் தன் தலைக்கு மேலேயே நடந்துகொண்டிருந்திருக்கிறாள். ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்து இத்தனை வருஷத்தில், முதல்முறையாக அவளுக்குச் சின்னவளைப் பிடித்துப்போனது.