போதகர் எழுதிய புத்தகம்

கடைக்குள் நுழைந்து முக்கால் மணி நேரமாகியும் லிஃப்ட் மெக்கானிக் ஒரு வேதாகமத்தைத் தேர்ந்தெடுத்தபாடில்லை. நாற்பத்து நான்கு வயதுவரை காதால் கேட்டே காலத்தை ஓட்டியவர் அவர். ஞாயிற்றுக்கிழமை போதகர் சொல்வதோடு சரி. மற்ற ஆறு நாளும் மோட்டாரும் கிரீஸும்தான். இனிமேல் தானே உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படிக்கப்போவதாக மனைவியிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அவள் விடுவாளா? சனிக்கிழமை காலையிலேயே கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"இந்த ஜிப் வச்சது நல்லா இருக்கே" என்றார்.

"உறை நல்லாத்தான் இருக்கும் சார். உள்ளே எழுத்து எறும்பு மாதிரி. ரெண்டு அதிகாரம் தாண்ட மாட்டீங்க" என்று கடைக்கார அம்மாள் அதைத் திரும்ப வாங்கி வைத்தார். மேசைமேல் வேறு மூன்றைப் பரப்பினார். "இது பெரிய எழுத்து. இது ஒத்துவாக்கிய வேதாகமம், ஒரு வசனத்துக்குப் பொருந்துற மத்த வசனம் எங்கெங்க இருக்குன்னு ஓரத்துல போட்டிருப்பாங்க. இதுல அடியில விளக்கம் இருக்கு. ஆனா ஒண்ணு, மேல இருக்கறதைப் படிச்சு முடிக்காம அடியில எட்டிப் பாக்காதீங்க. அந்த விளக்கமெல்லாம் மனுஷன் எழுதினது."

"பரீட்சைக்கு விடையப் பாத்துட்டுப் படிக்கிற ஆளு இவரு" என்றாள் மனைவி. மூவரும் சிரித்தார்கள்.

"கூட வச்சுப் படிக்க ஒரு புத்தகமும் எடுத்துக்கங்க. உங்க போதகர் எழுதினதே வந்திருக்கு. வந்த நூறுல பாதி போயிடுச்சு."

மெக்கானிக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. புத்தகத்தை வாங்கி, மன்னிப்பைப் பற்றிய அதிகாரத்தைப் புரட்டினார்.

'லிஃப்ட் பழுது பார்க்கும் சகோதரர் ஒருவர் என்னிடம் வந்தார்' என்று தொடங்கியிருந்தது. 'காதலித்து மணந்தவளை வீட்டுப் படியேற விடாத தகப்பன்மேல் அவருக்கு ஆறாத கோபம். அந்தத் தகப்பன் ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சில் இருந்தபோது போனில் மூன்று முறை அழைப்பு வந்தது. மூன்றையும் இவர் துண்டித்துவிட்டார். லிஃப்ட் குழிக்குள் இருந்தேன், சிக்னல் இல்லை என்று தாயிடம் சொன்னார். இன்றுவரை மனைவிக்கும் தெரியாது...'

எழுத்துகள் தெரிந்தன, வரி நகரவில்லை. மூன்று வருடமாக நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்தது. கதவைச் சாத்திவிட்டு, அழுதுகொண்டே, அந்த ஒரு மனிதரிடம் மட்டும் சொன்னது. அது அச்சாகி, அட்டை போட்டு, விலை ஒட்டி அலமாரியில் நிற்கிறது.

புத்தகத்தை மூடப் போனார். பக்கத்தின்மேல் ஒரு விரல் அழுந்தியது. மனைவி தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டிருந்தாள்.

"இது நீங்களா?"

அவர் மெதுவாகத் தலையாட்டினார்.

"எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன், உங்கப்பாவே கூப்பிட்டா மட்டும் எடுத்துடுங்கன்னு? சிக்னல் இல்லைன்னு என்கிட்டயும்தானே சொன்னீங்க?" சட்டென்று கையை வாயில் வைத்துக்கொண்டாள். "ஐயோ. அத்தைகிட்ட இந்தப் புத்தகம் இருக்கு. புதன்கிழமை பெண்கள் கூட்டத்துல எல்லாருக்கும் கொடுத்தாங்க!"

எதையும் வாங்காமல் இருவரும் வீட்டுக்கு ஓடினார்கள். வண்டியைப் பூட்டக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

அப்பா இறந்தபின் அவர்களோடு வந்து தங்கிவிட்ட அம்மா, கூடத்தில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் அந்தப் புத்தகம் கிடந்தது. நடுவில் ஒரு பக்கம் மடங்கியிருந்தது.

"அம்மா... படிச்சிட்டியா?"

"வியாழக்கிழமையே படிச்சிட்டேன்." கை நிற்கவில்லை. "உன்னைப் பத்தி எழுதினதைப் படிச்சு நான் ஒண்ணும் அதிர்ந்து போகலை. ஊருக்கே தெரியுற மாதிரி எழுதிட்டாரேன்னுதான் அதிர்ந்து போனேன்."

அவருக்கு விளங்கவில்லை.

"அன்னிக்கு அப்பா போன்லேருந்து கூப்பிட்டது யாருன்னு நினைச்சே? அவருக்குக் கையே தூக்க முடியலை. நான்தான் போட்டேன். சிக்னல் இல்லாத போனுக்கு மணி அடிக்குமாடா? ரெண்டு மணி அடிக்கும், உடனே கட்டாகும். மூணு தடவையும் அப்படித்தான்."

மெக்கானிக் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இடி விழுந்தவன்போல என்பார்களே, அது வெறும் பேச்சில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"தெரிஞ்சுதான் மூணு வருஷமா எனக்குச் சோறு போட்டியா?"

"வேற என்ன பண்ணச் சொல்றே?" அம்மா ஒரு சட்டையை எடுத்து உதறினார். "நான் மட்டும் யோக்கியமா? 'எடுத்தானா'ன்னு கண்ணாலயே கேட்டாரு. 'லைன் கிடைக்கலைங்க'ன்னேன். சாகிறவர்கிட்ட நானும் பொய்தான் சொன்னேன். அதை நான் எந்தப் போதகர்கிட்டயும் சொல்லலை. நல்லவேளை."

மனைவி சுவரில் சாய்ந்து நின்றாள். யாரையும் பார்க்கவில்லை.

மாலை அவர் போதகர் வீட்டுக்குப் போனார். போதகர் புன்னகையோடு எழுந்தார். மெக்கானிக்கின் கையில் அம்மாவின் புத்தகத்தைப் பார்த்ததும் புன்னகை பாதியில் நின்றது.

"பேரு போடலையே தம்பி."

"பேரு எதுக்குங்கய்யா? உங்க சபையில லிஃப்ட் ரிப்பேர் பண்றவன் எத்தனை பேரு?"

"நாலு பேருக்குப் பிரயோஜனமா இருக்குமேன்னு..."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்." கத்த வேண்டுமென்றுதான் வந்திருந்தார். ஆனால் தணிந்தே பேசினார். "நான் உங்ககிட்ட சொன்னது உங்க காதுக்கு மட்டும் சொன்னதுங்கய்யா. புத்தகத்துக்காகச் சொல்லலை."

போதகரின் முகம் வெளுத்துப் போனது. "தப்புப் பண்ணிட்டேன்" என்றார். அவர் பொய்யாகச் சொல்லவில்லை. திங்கட்கிழமை கடைக்குப் போய் மீதியிருந்த பிரதிகளைத் தானே கட்டி எடுத்துவந்தார். விற்றுப்போனதை யார் கட்டி எடுப்பது? அடுத்த ஞாயிறு வாசலில் இரண்டு பேர் மெக்கானிக்கின் முகத்தைத் தேவைக்கு அதிகமாகவே பார்த்தார்கள்.

செவ்வாய்க்கிழமை அவர் தனியாகப் போய்ப் பெரிய எழுத்து வேதாகமத்தை வாங்கினார். விளக்கம் எதுவும் இல்லாதது. "கூட வேற ஏதாவது?" என்று வழக்கம்போலக் கேட்க வந்த கடைக்கார அம்மாள், அவர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

வீட்டில் மனைவி நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள், "மாமாவோட கல்லறைக்கு என்னைக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். உயிரோடிருந்தவரை அவளைப் படியேற விடாத மனிதர். மூவரும் போனார்கள்.

அங்கே யாரும் எதிர்பாராமல் அம்மா கல்லின் அருகே குனிந்தார். செவிடருக்குச் சொல்வதுபோல உரக்கச் சொன்னார்:

"அன்னிக்கு லைன் கிடைச்சுதுங்க. உங்க பிள்ளைதான் எடுக்கலை. இந்தா வந்திருக்கான், நீங்களே கேட்டுக்கங்க."

மெக்கானிக் விக்கித்துப்போய் நின்றார். மனைவி அவர் முழங்கையைத் தொட்டு, மெதுவாக முன்னே தள்ளினாள்.