நுரை அடித்த கதவு

அன்று கதவுக்கு உள்ளே இருந்தவர்கள் மூவர்: நான், என் மனைவி ஞானம்பிகை, என் மகள் துஷாந்தி. வெளியே படியில் நின்றவர்கள் மூவர்: மாப்பிள்ளை பிரதீஸ், அவருடைய தாய் பூமலர், தாய்மாமன் தவராசா. ஏழாவது ஆள் எவருமில்லை.

1996 தை மாதத்து ஞாயிறு. துஷாந்தியைப் பெண் பார்க்க அவர்கள் நாலு மணிக்கு வருவதாக இருந்தது. நாலரைக்கு ராகு காலம். அதற்கு முன் வாசல் தாண்ட வேண்டும் என்று பூமலர் முன்னரே சொல்லியிருந்தார்.

இந்த இத்தாலிய நகரின் பழைய பகுதியான அல்பெர்கேரியாவில் எங்கள் வீடு ஐந்தாம் மாடி. நூறு வருடத்துக் கல் வீடு. ஓட்டை இல்லாத இடமில்லை. பணக்காரர் இருக்கும் லிபெர்த்தாவில் நான் வேலை செய்யும் வீட்டு அம்மா, சிஞ்ஞோராவின் யன்னல் இடுக்குகளுக்கு வேலைக்காரர் டின்னில் இருந்து, ஊதி இறுகும் நுரை அடித்ததைப் பார்த்திருந்தேன். ஆறு டின் வாங்கி வந்து, ஒரு கிழமையாக யன்னல் இடுக்கு, ஓட்டு விளிம்பு எல்லாம் நானே அடைத்தேன். வீடு சூடாகியது. யாரிடமும் வழி கேட்கவில்லை.

மிஞ்சியது வாசல் கதவு. ஞாயிறு மத்தியானம் ஞானம்பிகை குத்துவிளக்கு ஏற்றினாள். கதவுச் சட்டத்தின் இடுக்கால் வந்த காற்றில் இரண்டு தரம் அணைந்தது.

“இஞ்சாருங்கோ, மூண்டாந்தரமும் அணைஞ்சால் நான் இந்தச் சம்பந்தத்துக்கு ஓமெண்டு சொல்லமாட்டன்.”

கடைசி டின்னை எடுத்தேன். சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் அடிக்கும்போது கதவைத் திறந்து வைத்து, சட்டம் வளையாமல் குறுக்கே கட்டை முட்டுக் கொடுக்க வேண்டும் என்று டின்னில் படம் இருந்தது. திறந்தால் விளக்கு அணையும். மூடியபடியே அடித்தேன், ஒரு டின் முழுவதும்.

நாலு பத்துக்கு வாசல் மணி அடித்தது. கதவை இழுத்தேன். வரவில்லை. ஊதிய நுரை சட்டத்தை உள்ளே வளைத்து, கீல் இடுக்கால் பிதுங்கிக் கதவையும் பிடித்திருந்தது.

“அண்ணை, நாங்கள் வந்திட்டம்,” என்றார் பூமலர்.

“கொஞ்சம் பொறுங்கோ. பூசை முடியேல்லை,” என்றேன். அது பொய்.

“அக்கா, வடை இன்னும் வேகேல்லைப் போல,” என்று தவராசா சிரித்தது கேட்டது. பிறகு சிரிப்பு நின்றது. கைப்பிடியை இழுப்பேன், மணிக்கூட்டைப் பார்ப்பேன், மறுபடி இழுப்பேன். நாலு பதினெட்டு.

“பிள்ளையைத் தர விருப்பமில்லையெண்டால் ரெலிபோனிலை சொல்லியிருக்கலாமே அண்ணை. ஐஞ்சு மாடி ஏத்திப்போட்டுக் கதவைப் பூட்டுறது என்ன மரியாதை? தவராசா, வா போவம்.”

செருப்புகள் படி இறங்கும் சத்தம். துஷாந்தி என்னைப் பார்த்தாள். அழவில்லை.

“அப்பா, சொல்லுங்கோ. இல்லாட்டில் நான் சொல்லுறன்.”

நான் கதவில் வாயை வைத்துச் சொன்னேன்: “தங்கச்சி, கதவு பூட்டேல்லை. நான் நுரை அடிச்சு அது இறுகிப்போச்சு. என்ரை பிழை. பூசை எண்டதும் பொய்.”

செருப்புச் சத்தம் நின்றது. துஷாந்தி பாண் வெட்டும் கத்தியைக் கொண்டுவந்தாள். நான் சட்டத்தைச் சுற்றி நுரையை அறுத்தேன். என் நல்ல வேட்டி முழுக்க மஞ்சள் தூள்.

“பிரதீஸ், ஸ்பிஞ்சி! தள்ளுங்கோ!” என்று கத்தினாள் மகள். முதல் தரம் அவருடன் கதைத்தது அதுதான்.

அவர் தோளால் இடித்தார். கதவு திறந்தது. காற்று நுழைந்து விளக்கு அணைந்தது. ஞானம்பிகை வாயைப் பொத்தினாள்.

நாலு இருபத்தேழு. பூமலர் வலக்காலை வைத்து உள்ளே வந்து, தீப்பெட்டியை எடுத்துத் தானே விளக்கை ஏற்றினார். “கதவு திறந்தால் காத்து வரத்தானே செய்யும்,” என்றார். ஞானம்பிகை ஓமென்றாள். பங்குனி தாண்டி, சித்திரையில் கலியாணம் நடந்தது.

சாதி பார்த்து மாப்பிள்ளை வீட்டாரை நான் படியில் நிறுத்திக் கதவைப் பூட்டினேன் என்று பல்லாரோ சந்தையில் எங்கள் சனம் இன்னும் கதைக்கிறார்கள். கதவு பூட்டப்படவில்லை. நுரையில் இறுகியது. அடித்தவன் நான்.