பேசினால் வழி மறக்கும் விமானம்

அக்காவும் அத்தானும் வீட்டுக் கொட்டகையில் கட்டிய இரண்டு இருக்கை விமானம், வரும் சனிக்கிழமை முதன்முறையாகப் பறக்க வேண்டும். ஓட்டப்போவது அக்கா. கருவிப் பலகையில் பதித்த ஜி.பி.எஸ். வழிகாட்டியை ரேடியோவோடு இணைப்பது மட்டும் என் பொறுப்பு. மாலை வகுப்பில் மின்னணுவியல் படிக்கிறேன் என்பதால் கொடுத்தார்கள். கொடுத்திருக்கக்கூடாதோ என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று விமானத்தை முற்றத்துக்குத் தள்ளி வந்தோம். வழிகாட்டியின் திரையில் ஒரு விமானத்தளத்தின் பெயரைத் தொட்டால், அதன் அலைவரிசை எண் ஒரு மெல்லிய கம்பி வழியே ரேடியோவுக்குப் போக வேண்டும். தொட்டேன். ரேடியோவின் சிறிய கண்ணாடியில் எண் வந்து உட்கார்ந்தது.

"அவ்வளவுதான், பலகையை மூடிடலாம்," என்று அத்தான் திருகாணிகளை எடுத்தார்.

"இருங்க அத்தான். ஒவ்வொரு அலைவரிசையிலும் பேசிப் பார்க்கணும்."

"உனக்குப் பேர் வெச்சவங்க தப்பு பண்ணிட்டாங்க. சந்தேகம்னே வெச்சிருக்கணும்."

பேச்சுப் பொத்தானை அழுத்தியபடி, திரையில் செயற்கைக்கோள் சிக்னல்களின் பலத்தைக் காட்டும் கோடுகளைக் கவனித்தேன். பல எண்களில் அவை அசையவில்லை. 121.2க்கு வந்ததும் ஒவ்வொன்றாகச் சரிந்தன. 'இடம் தெரியவில்லை' என்றது திரை. பொத்தானை விட்டேன். சற்று நேரத்தில் கோடுகள் எழுந்தன. மறுபடி அழுத்தினேன், மறுபடி சரிந்தன.

கம்பியில் என் பற்றவைப்புதான் கோளாறு என்று உடனே முடிவு கட்டிவிட்டேன். பிறகு யோசித்தேன்: என் கம்பி குற்றவாளி என்றால், அதைப் பிடுங்கினால் கோளாறு போக வேண்டுமே. பிடுங்கிவிட்டு அழுத்தினேன். அப்போதும் சரிந்தன. இவ்வளவு நிம்மதியாக ஒரு கோளாறை நான் பார்த்ததில்லை.

விமானத்தின் கூரையை எட்டிப் பார்த்தேன். ரேடியோ ஆன்டெனாவும் ஜி.பி.எஸ். ஆன்டெனாவும் ஒரு சாண் இடைவெளியில் நின்றன. எடை குறைப்பதென்றால் அத்தானுக்கு உயிர். வாஷரைக்கூடச் சமையலறைத் தராசில் வைப்பவர். கேபிளை மிச்சம் பிடிக்க இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டார்.

"அந்த எண்ணில பேசும்போது, அதோட பதின்மூணு மடங்கிலயும் கொஞ்சம் கசியும் அத்தான். செயற்கைக்கோள் சிக்னல் அதுக்கு ரொம்பப் பக்கத்தில இருக்கு. அங்கிருந்து வர்றதே முணுமுணுப்பு. காதுக்குள்ள இன்னொருத்தர் பேசினா எப்படிக் கேட்கும்?"

"ஒரு நிமிஷம் வழி தெரியலன்னா என்ன? உங்க அக்காவுக்குக் கண்ணு இல்லையா, ஜன்னல் இல்லையா?"

"அது நம்ம தளத்தோட அலைவரிசை. இறங்க வரும்போது அதிலதான் பேசுவா."

விமானி இருக்கையில் இருந்த அக்கா திரையை எட்டிப் பார்த்தாள்.

ஜி.பி.எஸ். ஆன்டெனாவைக் கழற்றி, வகுப்பிலிருந்து வாங்கி வந்த நீளமான கேபிளில் மாட்டினேன். அத்தான் ஏணியில் ஏறி அதை இருக்கைகளுக்குப் பின்னால், கூரையின் மேல் பிடித்தார்.

"தலையை விலக்குங்க அத்தான், வானத்தை மறைக்கிறீங்க."

"என் தலை அவ்வளவு பெரிசா?"

"கல்யாணத்தன்னைக்கே தெரியும்," என்றாள் அக்கா.

121.2இல் அழுத்தினேன். ஒரு கோடுகூடச் சரியவில்லை.

ஆனால் அங்கே பொருத்த, போன வாரம்தான் வண்ணம் பூசிய கூரையில் துளை போட வேண்டும். பழைய துளையை அடைத்துக் காயவிட வேண்டும். சனிக்கிழமைக்குள் முடியாது. அத்தான் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எத்தனை பேர்கிட்டச் சொல்லிட்டேன் தெரியுமா? எல்லாரும் பார்க்க வர்றாங்க."

"வரட்டும். நின்னுட்டிருக்கிற விமானத்தைப் பார்த்துட்டுப் போகட்டும்," என்று அக்கா இறங்கி வந்து துளையிடும் கருவியை எடுத்தாள். "எங்கடி போடணும்?"

அளந்து, பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.

"நிச்சயமா?" என்றார் அத்தான்.

"நிச்சயம்."

அக்கா அழுத்தினாள். வெள்ளை வண்ணத் தூள் என் கைமேல் உதிர்ந்தது.