சோப்பு என்றொரு கோப்புறை

ஹார்ட் டிஸ்க்கின் மூடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை இருக்கும். இதை மூடாதே என்று பக்கத்திலேயே அச்சடித்திருக்கும். ஓபிரி மாஸ்டர் அதைப் படித்துவிட்டுத்தான் மூடினார். கறுப்பு டேப், மூன்று சுற்று.

“ஹர்மத்தான் காத்துல வர்ற பாலைவனத் தூசியைப் பத்தி அந்தக் கம்பெனிக்காரனுக்கு என்னம்மா தெரியும்? ஜனவரியில ஒரு வாரம் குமாசிக்கு வந்து இருந்து பாக்கட்டும்.”

“அது மூச்சு விடுற ஓட்டை மாஸ்டர். உள்ள சூடானா காத்து வெளிய போகணும், ஆறினா உள்ள வரணும். தூசி போகாம இருக்க உள்ளயே வடிகட்டி வச்சிருக்கான்.”

“இத்தனூண்டு ஓட்டைக்கு வடிகட்டியாம்!” என்று மனைவி டுஃபியைப் பார்த்துச் சிரித்தார். டுஃபி அக்கா சிரிக்கவில்லை.

டேப்பால்தான் டிஸ்க் கெட்டது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அதற்கு ஒன்பது வயது. அவர்கள் தெருவில் நாளைக்கு நாலு தடவை கரண்ட் போகிறது, உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் தட்டு ஒவ்வொரு தடவையும் பாதியில் நின்றுபோகிறது. எதுவாக இருந்தாலும், இப்போது அது டிக், டிக் என்று தட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். மாஸ்டர் இரண்டு நாள் ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான், கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற எனக்கு ஆள் அனுப்பினார்.

அவர் எங்கள் சபையின் பாடகர் குழுவை நடத்துகிறவர். சபைக்கு எழுபத்தைந்தாம் ஆண்டு விழா. அதற்கு அவர் இயற்றிய பாட்டைச் சனிக்கிழமை விழாக் குழுவிடம் கொடுத்தாக வேண்டும். அன்று வியாழன்.

“பாட்டுக்கு இன்னொரு பிரதி இருக்கா?”

“இல்லாமலா? சி டிரைவ்ல ஒண்ணு, டி டிரைவ்ல ஒண்ணு. நான் என்ன பச்சப்புள்ளையா?”

“ரெண்டும் ஒரே டிஸ்க் மாஸ்டர். ஒரு ரூமுக்கு நடுவுல துணி கட்டித் தடுத்த மாதிரி. வீடு பத்திக்கிட்டா துணிக்கு அந்தப் பக்கம் மட்டும் தப்பிக்குமா?”

இதையே மூன்று வருஷமாக இந்த வீட்டில் தலைப்பாடாக அடித்துக்கொண்டிருக்கிறேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அதற்குள் விழாக் குழுச் செயலாளர் அழைக்கவும் மாஸ்டர் போனோடு வாசலுக்குப் போனார். அக்கா சட்டென்று என் பக்கத்தில் வந்தாள். மாஸ்டர் தாளம் போட்டுப் பாடப் பாட, டோ ரே மீ ஸ்வர எழுத்துகளையும் நடுவே தாளத்தைக் காட்டும் புள்ளிகளையும் தட்டெழுதுவது இத்தனை வருஷமும் அவள்தான். மற்ற நேரத்தில் கறுப்புச் சோப்பு காய்ச்சி விற்பாள்.

“அசாபி, டி-ல ‘சோப்பு’ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். அதை முதல்ல எடுத்துரு.”

“சோப்புப் பக்குவமாக்கா?”

“பக்குவம் என் கையில இருக்கு. அது என் பாட்டு. பதினொண்ணு. அவரு கண்ணு போகாத பேரா பாத்து வச்சேன்.”

“அவர்ட்ட சொன்னா என்ன?”

“சொன்னா திருத்துவாரு.”

“தாள்லயாவது எழுதி வச்சிருக்கலாம்ல?”

“தாளைத்தான் முதல்ல பாப்பாரு.”

மாஸ்டர் திரும்பி வந்தார். நான் டேப்பை உரித்து, டிஸ்க்கை ஆறவிட்டு, என் லேப்டாப்பில் இணைத்தேன். மூன்றாவது முயற்சியில் உள்ளே இருப்பவை தெரிந்தன.

“இது எப்ப வேணா நின்னுடும். எதை முதல்ல எடுக்கட்டும்?”

“பாடகர் குழு ஃபோல்டரை மொத்தமா.”

“பாட்டு மட்டும் போதுமே மாஸ்டர். ஒரு நிமிஷம்தான் ஆகும்.”

“மொத்தமும்னா மொத்தமும்!”

அவருக்குத் திரையில் எது ஓடுகிறது என்றே தெரியாது. ‘சோப்பு’வை முதலில் இழுத்திருந்தால் கண்டுபிடித்திருக்க மாட்டார். நான் இழுக்கவில்லை. பொருளுக்குரியவர் சொல்வதுதான் முதலில் என்பது என் தொழில் வழக்கம் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. ஏழு வயதில் சுருதி விலகிப் பாடியதற்கு அவரிடம் பிரம்படி வாங்கியவள் நான். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. அந்தப் பொருள் அக்காவுக்கும் உரியது என்பது எனக்குத் தெரியாதா என்ன?

விழாப் பாட்டு முதல் நிமிடத்திலேயே வந்துவிட்டது. அதன்பின் ஒத்திகை வீடியோக்கள். எல்லாவற்றிலும் மாஸ்டரின் முதுகு, வீசிக்கொண்டிருக்கும் இரண்டு கைகள். முப்பத்தைந்து நிமிடம். அக்கா ஜன்னலோரம் நின்று வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றைக்கூட வாயில் போடவில்லை.

பிறகு ‘சோப்பு’வை இழுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதில் டிக், டிக் என்றது. அப்புறம் சத்தமே இல்லை. ஆறவிட்டு ஆறவிட்டு எத்தனையோ முறை பார்த்தேன். அசையவில்லை.

“போயிருச்சு.”

“போனா போகட்டும். என் பாட்டு வந்துருச்சுல்ல, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்,” என்றார் மாஸ்டர்.

எடுத்ததைத் திறந்து பார்த்துவிடுவது வழக்கம். அவர் பாட்டு நன்றாக இருந்தது. அடுத்து, வேண்டுமென்றேதான், அவர் கண்ணெதிரே ‘சோப்பு’வைத் திறந்தேன். அக்காவின் ரகசியத்தை உடைக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் அவர்மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம், என்மேல் அதைவிட.

மாஸ்டர் குனிந்தார். உதடுகள் அசைந்தன. விரல் மேஜையில் தாளம் போட்டது. இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளச் சொன்னார்.

“யாரோடது இது?”

“என்னோடது,” என்றாள் அக்கா.

அவர் மறுபடி முதலிலிருந்து பார்த்தார். திருத்தப் போகிறார் என்றே நினைத்தேன்.

“இந்த டெனரு குரல் வரி... எனக்கு வந்திருக்காது,” என்றார். “நாலுதான் இருக்கு. வேற இல்லையா?”

“மீதி ஏழும் உங்க வீடியோவுக்குப் பின்னால வரிசையில நின்னுச்சு.”

அவர் நாற்காலியை இழுத்து என் லேப்டாப் முன் உட்கார்ந்தார்.

“நீ பாடு டுஃபி. நான் தட்டுறேன்.”

ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி. ஐந்தாவது பாட்டு வந்தது. ஆறாவதும் ஏழாவதும் வந்தன. எட்டாவதில் இரண்டு அடி பாடிவிட்டு அக்கா நின்றாள். மறுபடி முதலிலிருந்து பாடினாள். அதே இடத்தில் நின்றாள்.

“வரும், வரும். அவசரமில்ல,” என்றார் மாஸ்டர், விரலை எடுக்காமல்.

அக்கா இன்னொரு தடவை பாடிப் பார்த்தாள்.

“அதுதான் பதினொண்ணுல நல்ல பாட்டு,” என்றாள்.