பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம்

லிஃப்ட் பழுது பார்ப்பது அவருடைய தொழில். தெருவில் எல்லாருக்கும் அவர் லிஃப்ட்காரர். இருபத்தாறு வருஷமாக அடுக்குமாடிகளின் கூண்டுகளுக்குள் ஏறி இறங்கியவர். கம்பி தேய்ந்திருந்தால் தேய்ந்திருக்கிறது என்றுதான் எழுதிக் கொடுப்பார். கட்டடக்காரன் கெஞ்சினாலும் சரி, மிரட்டினாலும் சரி, ஓர் எழுத்தை மாற்ற மாட்டார். தொழிலில் அவர்மேல் யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு சாப்பாட்டு மேசையில் போய் வழுக்கி விழுந்தார்.

வினை அந்தக் கிடங்குக் கடையில் ஆரம்பித்தது. ஊருக்கு வெளியே, விமானத்தையே உள்ளே நிறுத்தலாம் போன்ற பெரிய கொட்டகை. வருஷத்துக்கு ஒரு தொகை கட்டி உறுப்பினராகச் சேர்ந்து, படம் போட்ட அட்டையைக் காட்டினால்தான் வாசலில் விடுவார்கள். உள்ளே எல்லாம் மலிவு. ஆனால் எதுவும் ஒற்றையாகக் கிடைக்காது. சோப்பு வாங்கினால் நாற்பது, பல் துலக்கும் பிரஷ் வாங்கினால் இரண்டு டஜன். இரண்டே அறை உள்ள வீட்டில் கட்டிலுக்கடியில் துணி சோப்புத் தூள் மூட்டையும் அலமாரி மேல் எண்ணெய் டின்களும் குடியேறின.

"காசு மிச்சந்தான், இல்லேங்கல. கால் வைக்கத்தான் இடமில்ல. இந்த சோப்பு தீர்றதுக்குள்ள நாம தீர்ந்துடுவோம்" என்பாள் மனைவி.

லிஃப்ட்காரருக்கு அந்தக் கடையில் பிடித்தது மலிவு கூட இல்லை. எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் மறுபேச்சில்லாமல் திருப்பி வாங்கிக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுத்துவிடுவார்கள் என்பதுதான். முதல் தடவை நியாயமாகத்தான் போனார். வாங்கி வந்த இஸ்திரிப் பெட்டி சூடாகவில்லை. அவர்கள் சிரித்த முகத்தோடு பணம் கொடுத்த விதத்தில் அவருக்கு ருசி தட்டிவிட்டது. அடுத்து, கோடை முழுக்கச் சுற்றிய மின்விசிறி போயிற்று. பிறகு, மழைக்காலம் முடிந்த மறுநாள் இரண்டு குடைகள்.

"நனைஞ்ச குடைய எப்படிங்க மனசு வந்து குடுத்தீங்க?"

"காய வெச்சுத்தானே குடுத்தேன்!"

மனைவி அதற்கு மேல் பேசவில்லை. பேசாமல் இருப்பதே அவள் திட்டும் முறை.

இந்த நிலையில்தான் மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. மகள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். பையனை அவளே பார்த்துக்கொண்டாள். பையனுக்கு அப்பா இல்லை. துணி தைத்துப் பிள்ளைகளை ஆளாக்கிய அம்மாவும், அக்காவும்தான். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் மதியச் சாப்பாட்டுக்கு வருவதாகப் பேச்சு.

லிஃப்ட்காரர் வீட்டில் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிடுவார்கள். இத்தனை வருஷம் அது அவருக்கு உறுத்தியதே இல்லை. இப்போது உறுத்தியது. "வர்ற சம்பந்திய கட்டில்ல உக்கார வெச்சு சோறு போடறதா? நாளைக்கு நம்ம பொண்ணத்தானே இளப்பமாப் பாப்பாங்க?"

சனிக்கிழமை வண்டி பிடித்து, தேக்கு நிறத்தில் ஒரு மேசையும் ஆறு நாற்காலிகளும் கொண்டுவந்து இறக்கினார். மேசை வந்த பிறகு குளியலறைக் கதவு பாதிதான் திறந்தது. மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இவ்வளவு பணம் ஏதுப்பா?" என்றாள். சேர்த்து வைத்திருந்தேன் என்றார். அட்டைப் பெட்டிகளை மடித்துக் கட்டிலுக்குப் பின்னால் சொருகியது மனைவிக்கு மட்டும் தெரியும்.

"வேண்டாங்க. இருக்கறத வெச்சு சோறு போடுவோம்."

"திங்கக்கிழம போயிடும். ஒருத்தருக்கும் தெரியாது."

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மாள் வந்ததும் மேசையைத் தடவிப் பார்த்து, "நல்ல சாமான். எப்ப வாங்கினது?" என்று கேட்டார்.

"ஆச்சும்மா, ரெண்டு வருஷம் இருக்கும்" என்றார் லிஃப்ட்காரர். நாக்கு தானாகப் புரண்டது.

பையனின் அக்கா மேசை விளிம்பை ஒரு தரம் பார்த்தாள். சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் பேச்சு வாக்கில் தெரிந்தது, அவளுக்கு வேலை அந்தக் கிடங்குக் கடையில், அதுவும் பொருளைத் திருப்பி வாங்கும் கவுண்டரில். அவர் பெரும்பாலும் வேலை முடிந்து மாலையில் போகிறவர். அவளுக்குக் காலை முறை. அதனால் பார்த்ததில்லை.

லிஃப்ட்காரர் பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்தார். அவள் பேச்சில் கெட்டிக்காரி. பாதி தின்ற கேக்கைக் கொண்டுவந்து "இனிப்புப் பத்தலை" என்றவர், ஒரு வருஷம் போட்டுத் தேய்த்த செருப்பை "அளவு சரியில்லை" என்றவர் என்று ஒவ்வொருவராக நடித்துக் காட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தவர் லிஃப்ட்காரர்தான்.

"வெக்கம் கெட்ட ஜென்மங்க!" என்று மேசையில் ஒரு தட்டும் தட்டினார். மனைவிக்குத் தண்ணீர் புரையேறியது.

சிரிப்பு ஓய்ந்ததும் எதுவும் தெரியாதவர்போலக் கேட்டார்: "வார லீவு உண்டாம்மா உனக்கு?"

"திங்கக்கிழம மாமா."

அப்பாடா என்று மூச்சு விட்டார்.

அந்தச் சமயம் பார்த்து, கூடமாட உதவுகிறேன் என்று அடுப்படிக்குள் போன சம்பந்தியம்மாள் கொதிக்கிற பாத்திரத்தைக் கொண்டுவந்து அப்படியே மேசைமேல் வைத்துவிட்டார். தூக்கிப் பார்த்தால் வெள்ளையாக ஒரு வட்டம். அந்த அம்மாளின் முகத்தில் ஈயாடவில்லை. முந்தானையால் தேய்க்கிறார், தேய்க்கிறார், போகவில்லை.

"அட, விடுங்கம்மா! மேசைன்னா பாத்திரம் வைக்கத்தானே. இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா?" என்று கையை வீசினார் லிஃப்ட்காரர். பெரிய மனுஷன் என்று மகள் அவரைப் பார்த்த பார்வையில் அவரே அதை நம்பிவிட்டார்.

திங்கட்கிழமை காலை அரை நாள் லீவு போட்டு, மேசை நாற்காலிகளை ஏற்ற வண்டி பிடித்தார். வழி நெடுக ஒரு வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டார். கவுண்டரில் வரிசை. அவர் முறை வந்தபோது அங்கிருந்த பெண் குனிந்து, பில் இயந்திரத்துக்குக் காகித உருளை மாட்டிக்கொண்டிருந்தாள். தலைமுடியும் கடையின் நீலச் சட்டையும்தான் தெரிந்தன. லிஃப்ட்காரர் வாக்கியத்தை எடுத்துவிட்டார்.

"மேசைங்க. பெட்டிய பிரிக்கும்போதே மேல வெள்ளையா ஒரு வட்டம் இருந்துச்சு. மட்டமான சரக்க தலைல கட்டிட்டீங்க."

அந்தப் பெண் நிமிர்ந்தாள். பையனின் அக்கா.

கீழே விழுகிற லிஃப்டில் வயிறு மட்டும் மேலேயே நின்றுவிடும் என்பார்கள். அது எப்படி இருக்கும் என்று அன்றைக்கு அவருக்குத் தெரிந்தது.

"ஒருத்தி வேலைக்கு வரல, என்னைக் கூப்பிட்டாங்க" என்றாள் அவள், தான் அங்கே இருப்பதுதான் குற்றம் என்பதுபோல. பிறகு அவர் தள்ளிவந்த தள்ளுவண்டியைப் பார்த்தாள். மேசையை, வட்டத்தை, மடித்துக் கட்டிய அட்டைகளைப் பார்த்தாள். "லீவு என்னிக்குன்னு அதுக்குத்தான் கேட்டீங்களா மாமா?"

பின்னால் நின்ற ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து இருமினார்.

"இந்த மாடல் போன மாசந்தான் வந்துச்சு" என்று அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பாத்ததுமே தெரியும் எனக்கு. கௌரவத்துக்கு ஒரு பொய் சொல்றாரு, சொல்லட்டும்னு விட்டுட்டேன். ஆனா அந்த வட்டம் எங்கம்மா வெச்சது. நேத்து ராத்திரி பூரா அதையே சொல்லிப் புலம்பினாங்க. பாலிஷ் போட என்ன ஆகும்னு விசாரிச்சுட்டு வரச் சொன்னாங்க."

"நான் எடுத்துட்டுப் போயிடறேம்மா. வேண்டாம். வீட்டுலயே வெச்சுக்கறேன்."

"எங்க வெப்பீங்க? பாத்ரூமுக்குள்ள பக்கவாட்டுல நுழைஞ்சுதானே நான் போனேன்."

அவள் உறுப்பினர் அட்டையை வாங்கித் தட்டச்சு செய்யத் தொடங்கினாள். "இங்க காரணமே சொல்ல வேண்டாம் மாமா. பிடிக்கலன்னா போதும். நீங்க அந்தப் பொய்ய சொல்லியிருக்கவே வேண்டாம்."

பணத்தை எண்ணி நீட்டினாள். அவர் எண்ணாமல் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். போயிருக்கலாம். ஆனால் நின்று, வரிசைக்குக் கேட்காதபடி, "அம்மாகிட்ட சொல்லாதம்மா" என்று கேட்டார். அன்று அவர் செய்ததிலேயே கேவலமானது அதுதான் என்று பின்னால் அவருக்குப் பட்டது.

"நான் சொல்ல மாட்டேன்" என்றாள் அவள். "பாலிஷ் விலை கேட்டா என்ன சொல்றதுன்னு மட்டும் நீங்களே சொல்லிக் குடுத்துடுங்க."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் பேசவில்லை. மாலையில் மகள் வந்ததும் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தாள். அவளிடமும் சொன்னார், குடை, மின்விசிறி உட்பட. அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அழவில்லை. "எனக்காகத்தான் செஞ்சேன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள். அதைத்தான் சொல்ல இருந்தார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சம்பந்தியம்மாளுக்குப் போன் போட்டார். மூன்று தரம் எண்ணைத் தட்டி மூன்று தரம் அழித்த பிறகுதான் போட்டார். சுற்றி வளைக்கவில்லை. மேசை எங்களுடையதில்லை, ஒரு நாளைக்காக வாங்கியது, வட்டத்தைக் கடைமேல் சாட்டப் பார்த்தேன், உங்கள் பெண்ணே கையும் களவுமாகப் பிடித்தாள், அவளைக்கூட மறைக்கச் சொன்னேன். எல்லாம்.

அந்தப் பக்கம் தையல் இயந்திரம் ஓடும் சத்தம் நின்றது.

"அந்த வட்டத்துக்காக உங்களுக்குப் பணத்த குறைச்சுட்டாங்களா?"

"இல்லம்மா. முழுசாக் குடுத்துட்டாங்க."

"நல்லதாப் போச்சு. எனக்கு நேத்துலேர்ந்து மனசே சரியில்ல" என்றார் அந்த அம்மாள். ஏசியிருந்தால் லிஃப்ட்காரர் தாங்கியிருப்பார்.

கல்யாணம் நிற்கவில்லை. மகள் மட்டும் எட்டு நாள் அவரோடு பேசவில்லை. மாசக் கடைசியில் பதிவு அலுவலகத்தில் இரண்டு குடும்பமும் கூடியது. கடை அட்டையை அவர் அதற்குள் புதுப்பிக்காமல் விட்டிருந்தார். மனைவி அதைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. இந்த முறை பேசாமல் இருந்தது திட்டாகத் தோன்றவில்லை.

சாட்சிக் கையெழுத்துக்கு அவரைக் கூப்பிட்டார்கள். குமாஸ்தா ஒரு பாராவை வாசித்தார்: இதில் கண்டவை யாவும் உண்மை என்று உறுதி கூறுகிறேன். பேனாவை அவர் கையில் கொடுத்தது மகள்தான்.

"யோசிச்சுப் போடுங்கப்பா. இத திருப்பிக் குடுக்க முடியாது" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். பையனின் அக்கா மட்டும் சிரிக்காமல் ஜன்னல் பக்கம் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்றுதான் அப்படிப் பார்த்தாள். லிஃப்ட்காரரும் சிரித்தபடியே கையெழுத்துப் போட்டார். காது மடல் இரண்டும் கொதித்தன. பஸ்ஸேறி வீடு வந்து சேரும்வரை அந்தச் சூடு தணியவில்லை.