இருமல் நின்ற வாரம்

1987 நவம்பரில் அமிர்தராஜ் இருமத் தொடங்கினார். பாலக்கரையில் வீடு, கல்லூரி ஆபீசில் கிளார்க் வேலை. அதற்குச் சில மாதம் முன்பு, இதயம் பலவீனமாகி, சிறுநீரகமும் தளர்ந்து, கால்கள் வீங்கிப் படுத்துக் கிடந்தவரை எழுப்பி நடக்கவிட்டவர் ஸ்ரீரங்கத்து டாக்டர் ரங்கநாயகி.

"புது மாத்திரை. ரத்தக்குழாய் சுருங்காம பாத்துக்கும். இதயத்துக்குப் பாரம் குறையும், கிட்னிக்கும் நல்லது. ஒரு வேளைகூட விடாதீங்க" என்றிருந்தார்.

ஒரு மாதத்தில் வீக்கம் வடிந்தது. யார் கையையும் பிடிக்காமல் மாதா கோயில் பூசைக்கு நடந்து போனார். பிறகுதான் அந்த வறட்டு இருமல் வந்தது.

மனைவி லூர்துராணிக்கு அதைக் கேட்டாலே அக்கா பேட்ரிசியாவின் நினைவு வந்தது. பேட்ரிசியா காசநோயில் இருமி இருமிச் செத்தவள். லூர்துராணி அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தாள். முன்னறையில் பாய் போட்டாள். அவர் சாப்பிடும்போது சமையலறையிலேயே நின்றுகொண்டாள்.

"டாக்டரம்மாகிட்ட சொன்னீங்களா?"

"சொல்றேன்" என்பார். சொல்லவில்லை.

பொங்கலுக்கு வையம்பட்டியில் தம்பி சவரிநாதன் வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் தங்கினார். திரும்பி வந்தபோது இருமல் அடங்கியிருந்தது. அடுத்த வாரம் சுத்தமாக நின்றுவிட்டது. லூர்துராணி மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். மறுபடியும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் கால்கள் திரும்ப வீங்கின. மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்த நான்காம் நாள் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்தபின் அவருடைய பெட்டியைத் திறந்தவள், இரண்டு மாத மாத்திரைகள் பிரிக்காமல் கிடப்பதைப் பார்த்தாள். அவற்றை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனாள்.

டாக்டர் மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார். "அந்த இருமல் இந்த மாத்திரையால வர்றதும்மா. சிலருக்கு வரும். யாருக்கும் தொத்தாது. சொல்லியிருந்தா வேற மருந்து பாத்திருப்பேன். நானும் கேக்காம விட்டுட்டேன்."

முப்பதாம் நாள் பூசைக்கு வந்த சவரிநாதனிடம் அவள் அதைச் சொல்லி அழுதாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அண்ணனுக்குத் தெரியும் அண்ணி. எங்க வீட்டுக்கு மாத்திரையை மறந்துட்டு வந்தாரு. இருமல் குறைஞ்சதும் புரிஞ்சுக்கிட்டாரு. 'இதை விட்டா லூர்து பக்கத்துல வந்து உக்காருவாடா, அது போதும்'னாரு. நான்தான் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

அதன் பிறகு லூர்துராணி ரேடியோவை அணைப்பதில்லை. வீடு அமைதியானால், முன்னறையில் யாரோ இருமலை அடக்கிக்கொண்டிருப்பது போல இருக்கிறதாம்.