மழை நாளில் சுட்ட தகடு

1

இந்தக் கதை என் நாட்குறிப்பின் ஒரு வரியிலிருந்து வந்தது: '14-11-91. மழை. கொளஞ்சியக்கா மேல் பழி.' விருத்தாசலத்தில் எனாமல் பெயர்ப்பலகை செய்யும் பட்டறையில் பகலில் தகடு அடுக்குகிறேன். மாலையில் வேதியியல் வகுப்பு. கதை எழுதுவது இதுவே முதல் தடவை. நான் எழுதிய முதல் தொடக்கம்:

இரும்பும் உயிருள்ளதுபோல மூச்சு வாங்கும், அதன்

அடித்துவிட்டேன். இரும்பு மூச்சு வாங்காது.

2

கொளஞ்சியம்மாளுக்குப் பதினோரு வருடப் பழக்கம். கழுவிய இரும்புத் தகட்டில் எனாமல் கூழை* ஊற்றிச் சாய்த்தால் ஓரம்வரை ஒரே கனத்தில் படியும். அந்த மாதம் மட்டும், சூளையில் நன்றாக வெந்து வந்த பலகைகள் மூன்றாம் நாள் மீன் செதில்போலத் தாமாகவே உதிர்ந்தன.

"தகட்ட ஒழுங்கா கழுவல. எல்லாம் உன் கை எண்ணெதான். திங்கக்கெழமையிலேருந்து வர வேணாம்" என்றார் மேஸ்திரி நடராசன்.

"கையில அவ்ளோ எண்ணெ இருந்தா வூட்டுல தாளிச்சிருப்பேன், மேஸ்திரி. வெயில்ல காஞ்சதெல்லாம் நிக்குது. மழ நாள்ல சுட்டதுதான் பொத்துக்குது. ஈரம் காயறதுக்குள்ள சூளையில தள்ளச் சொன்னது யாருங்க?"

(*கண்ணாடித் தூளும் கொஞ்சம் களிமண்ணும் தண்ணீரில் கலந்தது.)

3

[முதல் பிரதியில், இந்த இடத்தில் நான் எழுந்து விளக்குகிறேன், எல்லோரும் வாயடைத்துப்போகிறார்கள். பொய். நான் வாயே திறக்கவில்லை. பிறகு நாட்குறிப்பில்தான் எழுதினேன்: ஈரத்திலிருந்து எழும் நீராவி சூடான இரும்பின் மேல் ஒட்டி, அங்கேயே உடைகிறது. ஆக்சிஜனை இரும்பு பிடித்துக்கொள்கிறது. ஹைட்ரஜன் அணு அணுவாக உள்ளே புகுகிறது. இரும்பு ஆறியதும் ஹைட்ரஜனுக்கு உள்ளே இடம் போதாது. வெளியேற வழியின்றி எனாமலுக்கு அடியில் சேர்ந்து, நாள் கழித்து அதை உடைத்துத் தள்ளுகிறது. நான் எழுதியது காரணம். கண்டுபிடித்தது அக்கா.]

4

"செஞ்சி காட்டு, பாப்போம்" என்றார் நடராசன்.

வெள்ளிக்கிழமை அக்கா இரண்டு தகடுகளுக்குப் பூசினார். ஒன்று சூளைச் சுவரோரம் நன்றாகக் காய்ந்தது. மற்றது அரை ஈரம். சூளைக்குள் வைக்குமுன் தீக்குச்சியால் பூச்சைக் கீறி எழுதினார். காய்ந்ததில் 'நிக்கும்'. ஈரமாயிருந்ததில் 'பொத்துக்கும்'. இரண்டின் கீழும் 'கொளஞ்சியம்மாள்'.

"வெந்துட்டா அழிக்க முடியாதேக்கா."

"அதுக்குத்தாண்டா எழுதறேன்."

ஊரார் பெயர்கள் ஆயிரம் வெந்த சூளை அது. அக்காவின் பெயர் வெந்தது அன்றுதான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

5

முடிவு ஒன்று: ஈரத் தகடு உதிர்ந்தது, மேஸ்திரி தலை குனிந்தார். முடிவு இரண்டு: இரண்டுமே உதிரவில்லை. (ஈரமாய்ச் சுட்டது ஒரே ஒரு தகடு, அப்படியும் நடக்கலாம்.) இரண்டையும் எழுதிக் கிழித்துவிட்டேன்.

திங்கள் காலை. மேசைமேல் சாக்கு மூடிய இரண்டு தகடுகள். நடராசன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாக்கைப் பிடிக்கிறார். "கிட்ட வந்து பாரேன்" என்கிறார். நாங்கள் எல்லோரும் குனிகிறோம். அக்கா மட்டும் அடுத்த தகட்டுக்குக் கூழைக் கலக்கிக்கொண்டிருக்கிறார், தலையைத் தூக்கவில்லை.

"நான் எதுக்குங்க பாக்கணும்? நான்தான் எழுதிட்டேனே. நீங்க பாருங்க."